ஒட்டிக்கொண்ட சொல்

“ஆக்சுவலி, உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சு” என்று சொல்லிக்கொண்டே மனைவி தட்டை முன்னால் நகர்த்தி வைத்தாள். சாப்பிட உட்கார்ந்த அகராதிக்காரருக்கு உப்பு தெரியவில்லை. அந்த முதல் சொல்தான் சுருக்கென்று தைத்தது.

தமிழ்ப் பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து அகராதி போடும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. எந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் வழியாக வந்தது என்று துருவுவதே பிழைப்பு. அக்கம்பக்கத்தார் அவரை ‘அகராதி’ என்றே கூப்பிட்டார்கள். வேலையை வைத்தா, குணத்தை வைத்தா என்று அவர் விசாரித்ததில்லை.

அந்தச் சொல்லுக்கு ‘உண்மையில்’ என்று பொருள். ‘செயல்’ என்று அர்த்தப்படும் லத்தீன் வேரிலிருந்து கிளம்பி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆனால் புழக்கத்தில் அதன் கதையே வேறு. அதைச் சொல்லிவிட்டு ஒருவர் அடுத்துச் சொல்வது அநேகமாகப் பொய்யாகத்தான் இருக்கும் என்பது அகராதிக்காரரின் கண்டுபிடிப்பு. அவருக்கு அறவே பிடிக்காத சொல்.

மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. இப்போது பேச்சுக்குப் பேச்சு வருகிறது. சொல் தானாக முளைக்காது, ஒருவரிடமிருந்துதான் இன்னொருவருக்கு வரும். அப்படியானால் யார்?

அவருக்குத் தூக்கம் போயிற்று. மேல்மாடிக்காரர் கால்சட்டை நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று அடிக்கடி வந்துபோகிறார். அவரை மாடிப்படியில் மடக்கி, வெயிலில் தொடங்கி வீட்டு வாடகை வரை பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அந்த மனிதர் ‘பேசிக்கலி’யைத் தாண்டவில்லை. அவள் வழக்கமாகப் போகும் மருந்துக்கடைக்காரர் ‘ஓகே’ ஒன்றை வைத்தே வியாபாரத்தை ஓட்டினார். நூலும் பட்டனும் கொண்டுவந்து போடுகிறவன் வாயைத் திறந்தால் ‘பிராமிஸ்’தான். ஆள் வாட்டசாட்டமாக இருந்ததால் அவன் மேல் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருந்தார், அதுவும் வீணாயிற்று.

அலுவலகத்தில் புரூஃப் பார்க்கும் பெண்ணிடம் மட்டும் மனம்விட்டுக் கேட்டார். சாயங்காலம் பேருந்து நிறுத்தம் வரை இருவரும் பேசிக்கொண்டே நடப்பது வழக்கமாகியிருந்தது. பேச்சு சுவாரஸ்யமாக இருந்தால் வந்த பேருந்தையும் விட்டுவிடுவார்கள்.

“ஒருத்தர் பேச்சுல புதுசா ஒரு சொல்லு நுழைஞ்சா என்ன அர்த்தம்?”

“பக்கத்துல புதுசா ஒரு ஆள் வந்தாச்சுன்னு அர்த்தம் சார். ஆக்சுவலி, மனசுக்குப் பிடிச்ச ஆளா இருந்தாத்தான் ஒட்டும்” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவருக்கு எப்போதும் பிடிக்கும். அன்று அதைக்கூட ரசிக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஒரு முடிவோடு அலுவலகத்திலிருந்து மனைவிக்கு ஃபோன் போட்டார். “இன்னைக்கும் வர லேட்டாகும்மா. ஆக்சுவலி, அச்சுக்குப் போற நேரம், வேலை தலைக்கு மேல கிடக்கு.”

“மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல.”

என்ன நிம்மதி அந்தக் குரலில்! இவள் தன்னை விட்டுப் போய்விட்டால் அந்த வீட்டில் தனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானமே கிளம்பினார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பூனை மாதிரி அடிமேல் அடிவைத்து உள்ளே போனார். முன்னறையில் தையல் இயந்திரம் ஓடாமல் நின்றது. அலமாரிக்குப் பின்னால் பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார். படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

“எதைத் தொலைச்சீங்க?”

கையில் துவைத்த துணியோடு மனைவி நின்றாள். அகராதிக்காரர் எழுந்தார். முட்டியெல்லாம் தூசி. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“யாரு அவன்?”

“எவன்?”

“உனக்கு அந்தச் சொல்லைக் கத்துக் கொடுத்தவன்! வாயைத் தொறந்தா ஆக்சுவலி, ஆக்சுவலிங்கிறியே! மனசுக்குப் பிடிச்ச ஆளுகிட்டேருந்துதான் ஒரு சொல்லு இன்னொருத்தருக்கு ஒட்டும். எங்கிட்டயே கதை விடாத, இதுதான் என் பொழப்பு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அட, இதுக்கா கட்டிலுக்கு அடியில பூந்தீங்க? அது உங்ககிட்டேருந்து ஒட்டினதுங்க. நாலஞ்சு மாசமா நீங்கதானே மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்றீங்க. காலையில லேட்டாகும்னு ஃபோன் போட்டப்பகூடச் சொன்னீங்களே!”

அகராதிக்காரர் யோசித்துப் பார்த்தார். சொன்னார்தான். ஊரார் பேச்சையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தவர், சொந்தப் பேச்சைக் கோட்டை விட்டிருந்தார். முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் மனசுக்குப் பிடித்த அந்த ஆள் நான்தானா என்று சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முட்டியில் இருந்த தூசியை மெதுவாகத் தட்டிவிட்டாள். தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

“சரி, உங்களுக்கு யாருகிட்டேருந்து ஒட்டுச்சு?”