பட்டியலில் இல்லாதவர்

“எனக்கும் ஒண்ணு போடும்மா, ஊதிட்டுப் போறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார் மலைப்பாதை டிரைவர்.

அவள் அப்போதுதான் மெஷினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தாள்.

வண்டி எடுக்கும் முன் டிரைவர்கள் குடித்திருக்கிறார்களா என்று சோதிப்பது அவள் வேலை. விடிந்தும் விடியாததுமாக டெப்போவுக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு யார் யார் ஊத வேண்டும் என்று கம்ப்யூட்டர் நாலு பேரைப் பொறுக்கிக் கொடுக்கும். நாலு பேரும் ஊதிவிட்டார்கள். நாலும் பூஜ்யம்.

இவர் பெயர் அதில் இல்லை.

இருந்திருந்தாலும் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷமாகக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டி, ஒரு கீறல்கூட விழாமல் கொண்டுவந்து நிறுத்துகிறவர். டெப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்றுதான் பெயர். புதிதாகச் சேர்ந்த பலருக்கு அவருடைய சொந்தப் பெயரே தெரியாது.

“லிஸ்ட்ல நீங்க இல்லையே அண்ணே.”

அவர் மேஜையில் கிடந்த படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அடியில் விரலை வைத்தார். ‘தானாக முன்வந்தவர்’ என்று ஒரு கட்டம். நாலு வருஷத்தில் அவள் அதில் ஒருமுறைகூட டிக் போட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஜன்னல் வழியே சூப்பர்வைசர் தலையை நீட்டினார். “நிதானத்தை ஊதச் சொன்னா மெஷினுக்கே வெட்கமா இருக்கும்! எழுந்திருய்யா, வண்டி ரொம்பிடுச்சு.”

டிரைவர் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

சூப்பர்வைசர் சுற்றிக்கொண்டு அறைக்குள்ளேயே வந்துவிட்டார். ஆறு பத்துக்கு எடுக்க வேண்டிய வண்டி. நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தாமதமானால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்று அவளிடம்தான் பாய்ந்தார்.

அவளுக்கும் எரிச்சல்தான். ‘பெரியவங்களை விட்டுடறாங்க, நம்ம வாயைத்தான் மோந்து பாக்கறாங்க’ என்று சின்ன வயசு டிரைவர்கள் முந்தின நாள் கேண்டீனில் புலம்பியது அவள் காதிலும் விழுந்திருந்தது. மனிதர் அதற்குத்தான் ரோஷப்பட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தாள். இந்த வயதில் இந்த வீம்பு தேவையா?

ஆனால் படிவத்தில் கட்டம் இருக்கிறது. வந்து கேட்பவரை முடியாது என்று திருப்பி அனுப்ப அவளுக்கு அதிகாரம் இல்லை.

புதுக் குழாயின் உறையைக் கிழித்து மெஷினில் செருகினாள்.

ஒரே மூச்சில், நிறுத்தாமல் ஊதினார்.

முப்பத்தெட்டு.

பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அவள் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

சூப்பர்வைசர் கதவைச் சாத்தினார். குரல் இறங்கிவிட்டது. மெஷின் கோளாறாக இருக்கும், பேப்பரில் ஏற்றாதே என்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் பாட்டுக்குக் கிளம்பட்டும், இருபத்தாறு வருஷப் பேரை நீ கெடுத்துவிடாதே என்றார். கடைசியாக, அவளுடைய ஒப்பந்தத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவைத்தார்.

 அவள் மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி ஊதணும் சார். அதுவரைக்கும் அவர் இந்த நாற்காலியை விட்டு எழக்கூடாது. நானும்தான்.”

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியே பயணிகள் யாரோ வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டினார்கள். அவர் கதவை அறைந்து சாத்திவிட்டு, மாற்று டிரைவரைத் தேடிக்கொண்டு போனார்.

 பதினைந்து நிமிடமும் டிரைவர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். தன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டபோது மட்டும் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். புது ஆள் கியர் மாற்றிய விதம் பிடிக்கவில்லை போலிருந்தது.

இரண்டாவது தடவை முப்பத்தாறு.

அவள் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். வேலையிலிருந்து நிறுத்திவைப்பார்கள், விசாரணை வரும், லைசென்ஸ் என்னவாகுமோ. எல்லாம் தெரிந்த மனிதர், எழுத்து ஆடாமல், முழுப் பெயரையும் போட்டார்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்களை யாருண்ணே கூப்பிட்டா? உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லி வீட்டுக்குப் போயிருந்தா முடிஞ்சிருக்குமே!”

“சொன்னேன்மா. அஞ்சு மணிக்கே சூப்பர்வைசர் முன்னால போய் நின்னேன். ராத்திரி போட்டது இன்னும் இறங்கல, இன்னைக்கு எனக்கு வண்டி வேண்டாம்னேன். ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கையில கொடுத்து, சப்பிட்டு ஏறுன்னாரு.”

அவள் பேனாவை மூடப்போனவள், மூடவில்லை.

“நான் பேசாம வீட்டுக்குப் போயிருந்தா, நாளைக்கு அந்தப் பழத்தை வேற ஒருத்தன் வாங்கிப்பான்மா. வாங்கிட்டு ஏறியும் போயிடுவான்.”

வெளியே சூப்பர்வைசர் யாரையோ அதட்டிக்கொண்டு திரும்பி வரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். படிவத்தைப் பின்பக்கம் திருப்பினாள்.

“அஞ்சு மணின்னா சரியா அஞ்சாண்ணே, இல்ல தாண்டியிருந்துச்சா?”