மூன்றாம் முறையும் ஐந்தாம் வகுப்பு

"ரெண்டு வருஷமா எம்மகளை அஞ்சாங்கிளாசுலயே நட்டு வச்சிருக்கீங்களே வாத்தியாரய்யா, இது நாயமாங்க?"

தேயிலைக் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல், தோட்டப் பாடசாலை வாசலில் நின்று கேட்டாள் ராசம்மா. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் அந்தப் பள்ளிக்கு ஒரே ஆசிரியர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த துரைராசா. அவருக்குப் பின்னால், பாடம் எழுதிக்கொண்டிருந்த பூரணி தலை குனிந்தாள்.

"உள்ளுக்கு வந்து இருங்கோ அம்மா."

"இருக்க வரலீங்க. இவளோட படிச்சதுக எல்லாம் பாஸ் பண்ணிட்டு மலையில கொழுந்தெடுக்குதுக. இவ மட்டும் மூணாந் தடவையா அதே பெஞ்சுல. பொழுது சாயிற வரைக்கும் நிறுத்தி வேற வைக்கிறீங்க. 'உம்மக அங்கேயே வேர் விட்டுருச்சா'ன்னு கணக்கப்பிள்ளை கேக்குறாரு. லயத்துச் சனமே சிரிக்குது."

உண்மையில் அந்தச் சிரிப்பு அவளுக்குப் பெரிதில்லை. தன் முதுகுக் கூடை மகளுக்கு வந்துவிடக்கூடாது என்ற ஒரே வைராக்கியத்தில்தான், பன்னிரண்டு வயது கடந்தும் பூரணியைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த வைராக்கியம் வீண்தானோ என்ற ஐயமே இப்போது அவளை அரித்தது.

"அட்டன் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயி பரீட்சை எழுத வச்சீங்க. அதுவும் என்னாச்சுன்னு தெரியல. படிப்பு ஏறலைன்னா ஒளிக்காமச் சொல்லிருங்க. நாளைக்கே பெரட்டுல வேலைக்குப் பேரு குடுத்துர்றேன்."

துரைராசா அட்டன் பள்ளியிலிருந்து வந்திருந்த கடிதத்தை மேசையிலிருந்து எடுத்துப் பூரணியிடம் நீட்டினார்.

"கொம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு பிள்ளை."

பூரணி வாசித்தாள். எங்கும் தடுக்காத அந்தக் குரலைக் கேட்கக் கேட்க ராசம்மாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. "... பரீட்சையில் மிகச் சிறப்பாகத் தேறியுள்ளதால், இம்மாணவியை எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம். விடுதியிலும் இடம் உண்டு."

ராசம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எட்டாங்கிளாசா? ஆளு மாறி எழுதிட்டாங்களா ஐயா? இது அஞ்சுலயே ரெண்டு தடவை பெயிலான புள்ளைங்க."

"அவள் ஒருக்காலும் பெயிலாகேல்லை அம்மா. பாஸ் எண்டு எழுதியிருந்தால் பள்ளியை விட்டு விலகோணும், அடுத்த நாளே கணக்கப்பிள்ளை தோட்ட வேலைக்குப் பேர் பதிஞ்சிடுவார். அதுதான் பெயில் எண்டு நான் பொய் எழுதி வைச்சுக்கொண்டு, இந்த ரெண்டு வருஷத்திலை ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் இதே வாங்கிலை இருத்திப் படிப்பிச்சு முடிச்சன்."