வெட்டுப்பட்ட பக்கம்

“அழிடா அதை! மொதல்ல அழி!”

அருணா போட்ட கூச்சலில் தினேஷ்குமார் மிரண்டுபோனான். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவன், விடியுமுன் மொட்டை மாடியில் நின்று, கிழக்கே மலைக்கு மேல் வாலை விரித்து நின்ற வால்நட்சத்திரத்தை போனில் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். ஒரு மணி நேரத்தில் அது ஊர்ப்பட்ட குரூப்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

“நம்ம மூஞ்சி எங்கடி இருக்கு அதுல? வெறும் நட்சத்திரம்.”

“கீழ மலை இருக்குல்ல?”

“மலை எந்த ஊர்ல இல்ல?”

“பாதி அறுத்த மலை எந்த ஊர்ல இருக்கு? எங்க ஊர்லேருந்து பாத்தா அது முழு மலை. குவாரிக்காரன் வெட்டுன பக்கம் இங்கேருந்து மட்டுந்தான் தெரியும். படத்தப் பாக்கறவன் நேரா இங்க வந்து நிப்பான்!”

அவன் அவசரமாக அழித்தான். அழித்து என்ன, ஊரெல்லாம் பார்த்தாயிற்று.

சாதி மீறிப் பதிவுத் திருமணம் செய்து பதினெட்டு நாள். “ரெண்டு தலையையும் கொண்டாந்து வாசல்ல வெக்கிறேன்” என்று ஊர் நடுவில் கத்தியவன், அருணாவின் கூடப் பிறந்த அண்ணன் மணிகண்டன். அன்றிலிருந்து இந்த அறைக் கதவுக்கு கேஸ் சிலிண்டர்தான் முட்டு.

போன் அடித்தது. அருணா துள்ளி எழுந்தாள். அம்மா.

அவளுடைய புது நம்பர் அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். கொல்லைப் பக்கம் போய், பட்டன் போனைச் சேலைக்குள் மறைத்து, அரை நிமிஷம் அழுதுவிட்டு வைப்பாள்.

“கண்ணு, அந்த நட்சத்திரம் படம் பாத்தேன். எவ்ளோ அழகு! பயப்படாத, நம்ம ஊட்ல வேற யாரும் பாக்கல.”

“நெசமாவாம்மா? அண்ணன்?”

“அவன் தூங்கறான். மருமவன் நல்லா வெச்சுக்கறாரா? ராகி மாவு அரைச்சு வெச்சிருக்கேன். ஜெயமணி அத்த அந்தப் பக்கந்தான் ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்கு வருது, குடுத்தனுப்பறேன். வீட்டு அடையாளம் மட்டும் சொல்லு.”

மருமவன். அந்த ஒரு சொல்லுக்கு அருணா உடைந்துபோனாள். தேம்பலுக்கு நடுவே சொன்னாள்.

“ஸ்கூல் சந்தும்மா. கடைசி வீடு. மாடியில நீலத் தொட்டி இருக்கும்.”

“சரி கண்ணு. வெளிய எங்கயும் போயிடாத. வெக்கிறேன்.”

அவசரத்தில் சிவப்புப் பட்டனை அமுக்க மறந்துவிட்டாள் போல. காதை விட்டு எடுக்க மனமில்லாத போனில் அம்மாவின் குரல் இன்னும் கேட்டது. கொஞ்சம் தள்ளி, ஆனால் தெளிவாக.

“மணி, கடைசி வீடாம். வண்டிய எடு.”