ஆடி மாதத்துப் போகி

"இன்னாக்கா பண்ணிகினு கீற? ஆடி மாசத்துல போகியா?"

மொட்டை மாடியிலிருந்து ரமேஷ் கத்தினான். பக்கத்து வீட்டு செல்லம்மா, தன் வாசலில் இரண்டு பழைய லாரி டயர்களைப் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தாள். கரும்புகை சாவகாசமாக எழும்பி நேராக ரமேஷின் மாடிக்கே வந்தது.

மாடியில்தான் காற்றின் மாசை அளக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

செய்யூர் பக்கம், சவுக்குத் தோப்பைத் தாண்டினால் பெட்ரோல் டெப்போ. டேங்கர் லாரிகளுக்கு லோடு ஏற்றும் குழாய்களில் ஏகப்பட்ட கசிவு, பெட்ரோல் ஆவி. ஊரே நாறும். ரமேஷின் சின்னப் பெண் ஜெயப்பிரியாவுக்கு மூச்சு இழுத்து, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாத மாதமில்லை.

அபராதம் போட்டால்தான் டெப்போக்காரன் குழாயை மாற்றுவான் என்று ரமேஷ் மனு மேல் மனு போட்டான். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு மனுவுக்கா பஞ்சம்?

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி உலகநாதனும் சளைக்காமல் 'திடீர் சோதனை'க்கு வந்தார். அவர் வருகிற அன்றைக்கெல்லாம் ஊர்க்காற்று ஊட்டிக்காற்றாகிவிடும். மெஷின் பரம சுத்தம் என்று சொல்லும். அவர் இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். டெப்போ இதுவரை ஒரு பைசா அபராதம் கட்டியதில்லை.

இன்று அவரோடு சுஷ்மிதா என்ற புது அதிகாரியும் வந்திருந்தாள். இந்தப் பெண்ணாவது ஒழுங்காக அளப்பாள் என்று ரமேஷ் நம்பிக்கொண்டிருந்தபோதுதான் இந்த டயர் கூத்து.

ஆத்திரத்தோடு கீழே இறங்கி ஓடினான்.

"டெப்போக்காரங்கிட்ட எவ்ளோக்கா வாங்கின? ஊர்க்காரன் வெச்ச புகைன்னு சொல்லி அவன் தப்பிச்சிக்குவான். எம் பொண்ணு மூச்சு வாங்கறது தெரியுமில்ல? மனசாட்சி கீதா உனக்கு?"

செல்லம்மா குச்சியால் டயரைக் கிளறிவிட்டாள்.

"கம்முனு கெட ரமேசு. மேல போயி வேடிக்கையப் பாரு."

ரமேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு மாடிக்குத் திரும்பினான். மெஷினுக்கு டயர் புகை, டெப்போ ஆவி என்ற பேதமெல்லாம் தெரியாது. எண் விறுவிறுவென்று ஏறியது.

"சார், வரம்பைத் தாண்டிடுச்சு" என்றாள் சுஷ்மிதா.

உலகநாதனுக்கு இளநீர் புரையேறியது. "அது... யாரோ டயர் எரிக்கிறாங்கம்மா. விட்டுடு."

"இதுல டயர் எவ்ளோ, டெப்போ எவ்ளோன்னு நமக்கெப்படி சார் தெரியும்? மறுப்பு இருந்தா மேனேஜர் வந்து சொல்லட்டும். இல்லன்னா அபராதத்துக்கு எழுதிடலாம்."

சுஷ்மிதா போனில் அபராதம் என்றதும் டெப்போ மேனேஜர் கிருபாகரன் பைக்கில் பறந்து வந்து மாடியேறினார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

"அநியாயம் மேடம்! இதுல எங்க பெட்ரோல் ஆவி ஒரு துளி கெடையாது. அத்தனையும் அந்தப் பொம்பள கொளுத்தின டயரு!"

"எதை வச்சு சொல்றீங்க?"

"டெப்போவே மூடிக் கெடக்கு மேடம். காலைலேர்ந்து ஒரு லாரிக்கு லோடு ஏத்தல. வாங்க, கேட்ல தொங்கற பூட்டையே காட்டறேன்!"

ரமேஷுக்கு அழுகையே வந்துவிட்டது. தொலைந்தது, இந்தத் தடவையும் அபராதம் இல்லை. செல்லம்மாவைக் கொன்றுபோடலாம் போலிருந்தது.

"வேலை நாள்ல எதுக்கு சார் மூடினீங்க?" என்றாள் சுஷ்மிதா.

உலகநாதன் கண்ணைக் காட்டினார், உதட்டைக் கடித்தார். கொதித்துக்கொண்டிருந்த கிருபாகரனுக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது?

"நீங்க அளக்க வர்றீங்கன்னுதான் மேடம்! வர்ற அன்னிக்கெல்லாம் மூடிடுவோமே!"

"இது திடீர் சோதனையாச்சே. நாங்க வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னா சார் நீங்க பாட்டுக்குக் கம்முனு நிக்கிறீங்க?" கிருபாகரன் உலகநாதன் பக்கம் திரும்பிச் சீறினார். "நேத்து போன் பண்ணி மூடச் சொன்னதே நீங்கதானே! மேடத்துக்கிட்ட சொல்லுங்க சார்!"

உலகநாதன் இருமினார். பாவம், ஊர்க்காற்று முதல்முறையாக அவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

சுஷ்மிதா மெஷினை அணைத்தாள். "இந்த ரீடிங் வேணாம். இப்ப சொன்னீங்களே, அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க அபராதத்துக்கும் அது போதும், சாரோட வேலைக்கும் அது போதும்."

ரமேஷ் மெல்ல இறங்கி வந்தான். செல்லம்மா ஒரு குடம் தண்ணீரை டயர் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"மூடி வெச்சத மெஷினா சொல்லும்? அவனே சொன்னாத்தான் உண்டு. அதுக்குத்தான் கொளுத்துனேன்" என்றாள்.

சட்டென்று நினைவு வந்தவனாக அவன் பதறிப்போய் வீட்டுக்குள் பார்த்தான். "ஐயோ, இந்தப் புகையில பாப்பா?"

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? மெஷினு வந்து எறங்குனதுமே உம் பொண்டாட்டியையும் பாப்பாவையும் எங்கண்ணன் வூட்டுக்கு ஆட்டோ ஏத்தி அனுப்பிட்டேன். அப்பறந்தான்பா தீக்குச்சியவே கையில எடுத்தேன்."