வராத வெளிச்சம்

மாலையில் தங்கை கல்யாணம். மணமக்கள் பெயரைச் சுவரில் பச்சை லேசரால் எழுதப்போவதாக பிஷ்கெக் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தான் எர்மெக்.

பவர் சப்ளையை மூன்றாவது முறையாக மாற்றினான். டிரைவர் சர்க்யூட்டையும் மீட்டர் வைத்துப் பார்த்தான். எல்லாம் சரி. வெளிச்சம்தான் வரவில்லை.

“அங்க என்னங்க தடால் தடால்னு சத்தம்?” சமையலறையிலிருந்து மனைவி பெர்மெத் கேட்டாள்.

“பூனைதான். காலையிலேருந்து சும்மா சுவத்துல பாயுது. பைத்தியம் பிடிச்சிருச்சு.”

“வீட்டுக்கு ஒண்ணு போதாதா?”

நொந்துபோன எர்மெக், வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினான். பச்சை லேசர் கண்ணில் படாமல் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி.

சுவரில் பளிச்சென்று பச்சைப் புள்ளி. அதன்மேல் பூனையின் கால்.

“பெர்மெத், நல்ல குதிரைக்கறியா ஒரு துண்டு எடுத்து வை.”

“உங்களுக்கா?”

“கண்டுபிடிச்சவருக்கு.”