நடுக்கத்தின் முறை

எரிவாயு எடுப்பவர்கள், பூமிக்குள் சேரும் அதிர்வை வாரம் ஒரு தெருவாக முறைவைத்து இறக்கிவிட்டு வந்தார்கள். பிள்ளை பெற்று மூன்றே நாளான ஷகிலாவின் தெருவுக்கு முறை வந்தது. போன வாரம் ஆடிய பக்கத்துத் தெருவின் பொறுப்பாளர் தெய்வக்கனி அதிகாரியை அழைத்து, “இந்த வாரமும் எங்க தெருவுக்கே விடுங்க சார்” என்றாள்.

மறுவாரமும் அவள் தெருவே ஆடியது. அதற்கடுத்த வாரமும். படுத்த படுக்கையாயிருந்த அவள் கணவனின் தலைமாட்டுச் சுவர் பிளந்தது.

“நீங்க தாங்குவீங்கன்னு பதிவாயிருச்சும்மா. நீங்க முறையை வாங்கிக்கிட்ட அந்தத் தெருக்காரங்க கையெழுத்துப் போட்டாத்தான் மாத்த முடியும்” என்றார் அதிகாரி.

ஒருவரும் போடவில்லை. ஷகிலாவும் போடவில்லை.

அடுத்த வாரம் எச்சரிக்கைச் சங்கு ஊதியபோது, தெய்வக்கனி கணவனைக் கட்டிலோடு வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். ஷகிலா ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள்.

“பிள்ளை எங்கடி?”

“தொட்டில்ல தூங்குதுக்கா” என்றாள் ஷகிலா, தலை நிமிராமல். “அங்கதான் ஆடாதே.”