எங்கேயும் இடிக்காது

"மாதா தல இடிக்குது! எறக்குங்க, எறக்குங்க!"

சப்பரத்தின் மேல் நின்றவர்கள் கத்தினார்கள். கீழே நின்ற அலெக்ஸுக்குத் தன் தலையிலேயே இடித்தது போலிருந்தது.

அலெக்ஸ் திருச்சியில் ஒரு மிஷின் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பாகங்கள் வரைகிறவன். வரைந்ததையெல்லாம் திரையிலேயே ஒன்றாகப் பூட்டி, எதனோடு எது முட்டுகிறது என்று பார்ப்பதும் அவன் வேலைதான். முட்டுகிற இடத்தைச் சிவப்பாகக் காட்டும். எதுவும் முட்டாவிட்டால் பூஜ்யம் என்று வரும்.

ஆவூர்ப் பக்கத்திலுள்ள அவன் ஊரில் இந்த வருடத் திருவிழாவுக்கு இரும்பில் புதுச் சப்பரம் செய்வது என்று பேச்சு வந்தபோது, "நான் வரஞ்சு தாரேன்" என்று தானாகவே போய் நின்றான். இருநூற்றுப் பன்னிரண்டு பாகங்கள். மாதா சொரூபத்தைக் கிரீடத்தோடு அளந்து, அதையும் திரையில் நிறுத்திப் பார்த்தான். முதலில் ஏழு இடத்தில் சிவப்பு. ஒரு போல்ட்டை நகர்த்தி, ஒரு குழாயைக் குட்டையாக்கி, கடைசியில் பூஜ்யம். அதைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'எங்கேயும் இடிக்காது, கேரண்டி' என்றும் எழுதிவிட்டான்.

இப்போது மணி நாலு. ஆறு மணிக்குப் பவனி.

பெயின்ட் அடிக்கப் போயிருந்த கோயில் சொரூபங்கள் எல்லாம் காலையில்தான் வேனில் வந்து இறங்கியிருந்தன. சாமியார் வந்து மந்திரிக்கும்வரை பிரிக்கக் கூடாது என்பதால், வைக்கோலும் வெள்ளைத் துணியும் சுற்றியபடியே தூக்கி ஏற்றிப் பார்த்தார்கள். நிமிர்த்த முடியவில்லை. மேல் வளைவு நாலு விரற்கடை தடுத்தது.

"போன வருசம் நாலு பேரு தூக்குனோம். இப்ப ஆறு பேரு தூக்கியும் மூச்சு வாங்குது" என்றார் ஒருவர்.

"புதுப் பெயின்ட்டுல்ல, கனம் இருக்கும்" என்றார் இன்னொருவர்.

சப்பரத்தைச் செய்துகொடுத்த வெல்டிங் பட்டறை ஞானராஜ், அலெக்ஸுக்கு மாமா முறை. "என்ன மாப்ள, ஒன் கம்ப்யூட்டரு என்ன சொல்லுது?"

அலெக்ஸ் போனை எடுத்துப் பார்த்தான். அது இன்னமும் பூஜ்யம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"அதுக்கென்ன மாமா தெரியும்? நான் சொன்னதத்தான அது திருப்பிச் சொல்லும். பீடத்த விட்டுட்டு அளந்திருக்கேன். என் தப்புதான்."

"எதுக்கும் ஒருக்கா டேப்ப வச்சுப் பாப்பமே."

"கண்ணு முன்னாடி இடிக்குது. இன்னும் டேப்பு வேறயா? அந்தக் கருமத்தப் பிடிக்கத் தெரியாமத்தான் இந்த லட்சணத்துல நிக்கிறேன்."

பீடத்தையும் சேர்த்து அளந்ததாகத்தான் அவனுக்கு ஞாபகம். ஆனால் ஊரே நின்று பார்க்கும்போது ஞாபகத்தை வைத்துக்கொண்டு வழக்காடவா முடியும்? போன வாரம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம், "அளவெடுக்கத் தெரியாதவங்கல்லாம் எதுக்கு டிசைனுக்கு வர்றீங்க?" என்று கேட்டிருந்தான். அவள் இங்கே இல்லாததுதான் பெரிய ஆறுதல்.

குரூப்பில் மறுபடி எழுதினான்: 'இடிக்கிறது. மன்னிக்கவும்.' ஒரு நிமிடத்தில் பதினேழு பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். அதில் ஒன்று அவன் தங்கை ஃபெமினாவுடையது.

வளைவை அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஞானராஜ் மூன்று நாள் உட்கார்ந்து, பன்னிரண்டு நட்சத்திரம் வைத்து வளைத்த வளைவு அது. சொரூபத்தை இறக்கியதும் அவர் கட்டிங் மிஷினை அலெக்ஸ் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொறி பறந்தது. நடு நட்சத்திரங்கள் மூன்றும் வளைவோடு கீழே விழுந்தன.

மறுபடி ஏற்றினார்கள். நிமிர்ந்து நின்றது. கூட்டம் கைதட்டியது. பீடத்தைப் போல்ட் போட்டு முடுக்குவதற்காக அடித்துணியைக் கொஞ்சம் விலக்கினார்கள்.

"விடு மாப்ள. அத்தன பேருக்கு முன்னால தப்ப ஒத்துக்கிட்ட பாரு, அதுக்கே ஒரு மனசு வேணும்" என்று ஞானராஜ் தோளில் தட்டினார்.

அலெக்ஸுக்குக் கண் கலங்கியது. பூஜ்யத்தைக் காட்டிப் பெருமை அடித்தவன், இப்போது தன் பணிவை நினைத்து உள்ளூரக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டான்.

அப்போது கோயிலுக்குள்ளிருந்து, மாதாவுக்கு வருடா வருடம் சேலை சார்த்தும் வியாகுலமேரி நீலப் பட்டோடு வெளியே வந்தார். சப்பரத்தை நிமிர்ந்து பார்த்தார். கிட்டே போய், விலகியிருந்த துணிக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"அந்தோணியார எதுக்குய்யா இதுல ஏத்துனீங்க?"